முதலில் அவர் கேட்கட்டும்

போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் தம்பி வந்திருந்தான். வயது நாற்பத்திரண்டு. சுகர் வந்து ஆறு வருஷம். “அண்ணே, ஜிம்முல தனியா ஒரு டிரெய்னரு வைக்கணும்னு இருக்கேன். யாரை நம்பிப் போறது?” என்றான். சாயா போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

எங்கள் தனுவச்சபுரம் பக்கத்தில் இது பழைய கேள்வி. 1956 நவம்பர் 1-இல் கேரள–தமிழக எல்லைக்கோடு விழும்வரை பாறசாலையும் விளவங்கோடும் ஒரே மண். இரண்டு பக்கமும் உடம்பைப் பழக்க ஆசானிடம் போனார்கள். அடிமுறையும் சிலம்பமும் சொல்லித் தந்த அதே கைதான், மூட்டு பிசகினால் எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டியது. உடம்பின் உயிர்நிலைகளான வர்மங்களைச் சொல்லும் பாட்டுகள் தமிழில் இருந்ததால், வீட்டில் மலையாளம் பேசிய ஆசான்களும் அவற்றைத் தமிழிலேயே மனப்பாடம் செய்தார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. எந்த இடத்தில் அடி பட்டால் ஆள் விழுவான் என்று படித்தவர், எதிரில் நிற்பவனின் உடம்பைப் பார்க்காமல் கை வைக்க மாட்டார்.

தம்பியிடம் நான் சொன்னதும் அதுவே. டிரெய்னரிடம் நீ என்ன கேட்கிறாய் என்பது அப்புறம். அவர் உன்னிடம் என்ன கேட்கிறார் என்று பார். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு படிவத்தில் ஏழே கேள்விகள்: இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உண்டா, நெஞ்சு வலிக்கிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, வேறு நாள்பட்ட நோய் உண்டா, அதற்கு மருந்து சாப்பிடுகிறாயா, எலும்பிலோ மூட்டிலோ தொந்தரவா, மருத்துவர் கண்காணிப்பில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா. ஐந்து நிமிஷ வேலை. 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாலு பேரில் ஒருவருக்கு உள்ள நோயைக் கேட்காமலே எடையைத் தூக்கச் சொல்பவரை எப்படி நம்புவது? இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவருக்கு உடற்பயிற்சியின் நடுவில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். களைப்பு என்று நினைத்து “இன்னும் பத்து” என்பவர் ஆபத்தானவர். பையில் மிட்டாய் இருக்கிறதா என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர்.

என்னிடம் ஒருமுறை யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை. முப்பத்துநாலு வயதில் ஒரு ஜிம்மில் முதல் நாளே தரையிலிருந்து கம்பியைத் தூக்க வைத்தார்கள். இடுப்பில் பழைய வலி இருந்ததை நானாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் படுக்கை. அந்த வலி இன்றும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.

அடுத்து, பணம் கட்டுமுன் ஒருநாள் ஓரமாக நின்று டிரெய்னர் வேலை செய்வதைப் பாருங்கள். யாரோ ஒருவர் குந்தி எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, முழங்கால் இரண்டும் உள்ளே மடிகின்றன. நல்ல பயிற்சியாளர் உடனே நிறுத்துவார். எடையை வாங்கி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “இதில் உட்கார்ந்து எழும்புங்க, மூச்சை அடக்காதீங்க” என்பார். மூச்சைப் பிடித்துத் தம் கட்டினால் ரத்த அழுத்தம் எகிறும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போக வேண்டாம்.

படிப்பையும் கேட்கலாம், தப்பில்லை. எங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985 முதல் நடக்கிறது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு வயது நூறு தாண்டிவிட்டது. டிரெய்னருடைய புஜத்தின் அளவு அவருடைய உழைப்புக்குச் சான்று; உங்களுக்குச் சொல்லித் தரத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது.

பவுடர் விற்பவரிடம் ஜாக்கிரதை. தசை பெருக்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று பேச்செடுத்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். அது மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. பணத்தை மாதாமாதம் கட்டி ரசீது வாங்குங்கள். வருஷத்துக்கு மொத்தமாக வேண்டாம்.

தம்பி செவ்வாய்க்கிழமை மூன்று இடம் ஏறி இறங்கினான். சாயங்காலம் வந்து சொன்னான்: மூன்றாவது இடத்தில் இருந்தவர் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாராம்.