கண்டதும் கேட்டதும்: ஆங்கில வினை ஒன்றின் நுட்பம்

தஞ்சம் கோரி வந்த நாட்டில் நமது பெயரால் முதன்முதலாக எழுதப்படும் நீண்ட ஆங்கில எழுத்து, பெரும்பாலும் நமது வாக்குமூலமாகவே அமைந்துவிடுகின்றது. கண்டதையும் கேட்டதையும் சொல்வதே அதன் சாரம். ஆனால் அவ்விரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லும் முறையிலேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர்.

“அவர் வீதியைக் கடந்ததைக் கண்டேன்” என்று தமிழில் நினைத்துக்கொண்டு, “ஐ சோ ஹிம் குறொஸ்ட் த றோட்” என்று எழுதிவிடுகின்றோம். ‘கடந்தது’ என்ற நமது சொல் இறந்தகாலம் காட்டுவதால், ஆங்கில வினையையும் இறந்தகாலத்தில் நிறுத்துகின்றோம். பள்ளியிற் படித்த இலக்கணத்தை நினைவில் வைத்திருப்போரோ, இரண்டாவது வினைக்கு முன் ‘டு’ வரவேண்டும் என எண்ணி, “ஐ சோ ஹிம் டு குறொஸ்” என்கின்றனர். இரண்டும் பிழை. “ஐ சோ ஹிம் குறொஸ் த றோட்” என்பதே சரி. இங்கே ‘டு’ இல்லை. காலம் காட்டும் ஈறும் இல்லை. காலத்தை முதல் வினையாகிய ‘சோ’ காட்டிவிடுகின்றது. சீ, ஹியர், ஃபீல், வாட்ச், நோட்டிஸ் முதலிய புலன்சார் வினைகளுக்கெல்லாம் இதுவே முறை.

இந்த அமைப்பு நமக்கு அந்நியமானதன்று. “அவர் வீதியைக் கடக்கக் கண்டேன்”, “அவள் பாடக் கேட்டோம்” என்று நாமும் சொல்வதுண்டு. நன்னூல் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செய’ என்பதும் ஒன்று. கடக்க, பாட, விழ, அழ என்பன அவ்வாய்பாட்டைச் சேர்ந்தவை. காலத்தைக் காட்டும் இடைநிலை அவற்றில் இல்லை. ஆகவே எழுதுமுன் ‘கடந்ததை’ என்பதைக் ‘கடக்க’ என்று மனதில் மாற்றிப் பாருங்கள். ஆங்கில வாக்கியம் தானாகவே நேராகிவிடும்.

‘டு’ ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இவ்வெச்சம் ‘அன்’ என்னும் ஈற்றைப் பெற்றுத் தனித்தே நின்றது. ‘டு’ சேர்ந்த வடிவம் ஒன்று வேறாக இருந்தது; நோக்கத்தைக் குறிக்க அது பயன்பட்டது. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்தன. ‘டு’ சேர்ந்த வடிவம் பெரும்பாலான இடங்களுக்குப் பரவியது. புலன்சார் வினைகளின் பின்னரோ பழைய தனி வடிவமே நிலைத்துவிட்டது. எனினும் வாக்கியம் செயப்பாட்டு வினையாக மாறினால் ‘டு’ வந்தே தீரும்: “ஹி வாஸ் சீன் டு குறொஸ் த றோட்.”

இனி, வாக்குமூலத்துக்கு வருவோம். சகோதரனை ஆயுததாரிகள் பிடித்துச் சென்றதை ஒருவர் விவரிக்கின்றார் என்று கொள்வோம். “ஐ சோ தெம் டேக் மை பிரதர்” என்றால், பிடித்துச் செல்லக் கண்டேன் என்பது பொருள். நிகழ்ச்சியை முழுமையாகக் கண்டிருக்கின்றார். “டேக்கிங்” என்றால், அது நடந்துகொண்டிருக்கக் கண்டார். தொடக்கத்தையும் முடிவையும் கண்டதாக அச்சொல் உறுதி கூறுவதில்லை. “ஐ ஹேர்ட் தெம் டேக் மை பிரதர்” என்றால், கதவுக்குப் பின்னால் இருந்து அந்த ஓசையைத் தன் காதாலேயே கேட்டிருக்கின்றார். “ஐ ஹேர்ட் தட் தே டுக் மை பிரதர்” என்றாலோ, பிறர் சொல்லக் கேள்விப்பட்டார் என்றே கொள்ளப்படும்.

கேட்டேன் என்பதற்கும் கேள்விப்பட்டேன் என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஆங்கிலத்தில் ‘தட்’ என்ற சிறு சொல்லில் தங்கியிருக்கின்றது. விசாரணை அதிகாரி, “அப்போது நீர் எங்கே நின்றீர்? எத்தனை பேர் வந்தனர்?” என்று வினவும்போதுதான் அதன் கனம் தெரியும். கேள்விப்பட்டதைச் சொல்வது குற்றமன்று. கேள்விப்பட்டது கண்டதாக எழுதப்பட்டு, பின்னர் வாய்மொழி அதனோடு முரண்படுமாயின், உண்மையே உரைத்தவரின் மீதும் ஐயம் எழுகின்றது.

ஆதலால், ஆங்கிலத்தில் ஐயமுள்ளவர்கள் தமிழிலேயே தெளிவாகக் கூறுவது நன்று. மொழிபெயர்ப்பாளரிடம் ‘கண்டேன்’, ‘என் காதாற் கேட்டேன்’, ‘பிறர் சொல்லக் கேள்விப்பட்டேன்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் நீங்கள் அறிந்த விதத்திலேயே எழுதப்பட்டுள்ளதா எனச் சரிபாருங்கள். பிழை இருப்பின் திருத்துவித்த பின்னரே கையொப்பமிடுங்கள். அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் நாளை பதில் சொல்லவேண்டியவர் நீங்களே.