கவளத்துக்குள் மருந்து

யானைக்கு மாத்திரை கொடுப்பது எளிதல்ல. வெல்லத்துக்குள் பொதிந்து கொடுத்தால் வெல்லத்தைச் சுவைத்துவிட்டு மாத்திரையை மட்டும் வெளியே தள்ளிவிடும். ஒரு தடவை கசப்பு பிடிபட்டுவிட்டால், அடுத்த நாள் அதே கை நீட்டும் வெல்லத்தையே வாங்க மறுக்கும். அனுபவமுள்ள பாகன் அதனால் முதல் இரண்டு கவளத்தை வெறுமனே ஊட்டுவார். மூன்றாவதில் மருந்து. அது வாய்க்குள் போகும்போதே நான்காவதைக் கண்ணில் காட்டுவார். அந்த ஆசையில் மூன்றாவது உள்ளே இறங்கிவிடும்.

சர்க்கஸ் கூடாரத்துப் பாகனுக்கு இந்தக் கைவித்தை அவசியமாக இருந்தது. தலைச்சேரிக்கு அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் பயிற்சிக்கூடம் தொடங்கிய பிறகு, கேரளத்திலிருந்து கிளம்பிய சர்க்கஸ் குழுக்கள் நாடெங்கும் சுற்றின. சில வாரங்களுக்கு ஓர் ஊர் என்பதே அவற்றின் வாழ்க்கை. போகும் ஊரில் கால்நடை மருத்துவர் இருப்பார். அவர் மாடும் ஆடும் பார்த்தவராக இருப்பார், யானையைத் தொட்டிருக்கவே மாட்டார். இரவு இரண்டு மணிக்கு யானை தீனி எடுக்காமல் நின்றால் பாகனுக்குத் துணை, சமையல் கொட்டகையும் அந்த ஊர் நாட்டு மருந்துக் கடையும்தான்.

அந்தக் கடையில் அவர் கேட்பது பெரும்பாலும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சரக்குகள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு. எட்டையும் இடித்துச் சலித்தால் அஷ்ட சூரணம். மனிதருக்குச் செரியாமைக்குத் தரும் அதே மருந்தை யானைக்குக் களி உருண்டையில் பிசைந்து தருவார்கள். குருவாயூர்க் கோயில் யானைகளுக்குக் கர்க்கடக மாதத்தில் நடக்கும் சிகிச்சையில் இந்தச் சூரணம் உண்டு; நம் கோயில் யானைகளுக்கு நடத்தப்பட்ட புத்துணர்வு முகாம்களிலும் இருந்தது.

வயிற்றைக் குறிவைத்தே பாதி வைத்தியம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும். அதில் பாதியைக்கூடச் செரிக்காது. மாட்டைப் போல அசைபோடும் வயிறு அதற்கு இல்லை. குதிரையைப் போலப் பெருங்குடல் பகுதியில்தான் தீவனம் நொதித்துச் சத்தாகிறது. ஓர் ஊரில் தென்னை மட்டை, அடுத்த ஊரில் காய்ந்த கரும்புச் சோகை, அதற்கடுத்த ஊரில் வைக்கோல் என்று தீனி மாறிக்கொண்டே இருந்தால், போதிய தண்ணீரும் இல்லாவிட்டால், குடலில் அடைத்துக்கொள்ளும். கேரளப் பாகன்கள் இதை எரண்டக்கெட்டு என்பார்கள். யானை அடிக்கடி படுத்து எழும், வயிற்றை உதைக்கும், லத்தி போடாது. பெருங்காயமும் பூண்டும் வெல்லத்தில் உருட்டிக் கொடுப்பார்கள், விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள், வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க வைப்பார்கள், மெல்ல நடத்துவார்கள். இவற்றில் தண்ணீரும் நடையும்தான் உண்மையாகவே வேலை செய்தவை என்பது என் எண்ணம். லேசான அடைப்பு அவற்றிலேயே இளகும். இறுகிய அடைப்புக்கு மருத்துவர் வந்தாக வேண்டும். ஆசனவாய் வழியே கை விட்டு எட்டுமட்டும் லத்தியை எடுத்து, காதின் பின்புற ரத்தநாளத்தில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்ற வேண்டும். அதைப் பெருங்காயம் செய்யாது.

புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். ஈ அண்டாது, புழு வைக்காது. சங்கிலி உரசிய இடத்தில் தினமும் தடவினால் மேல் காயம் ஆறும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பாகனிடம் இருந்த பெரிய மருத்துவம் குளிப்பாட்டுவதுதான் என்பேன். யானையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தேங்காய் மட்டையாலோ செங்கல்லாலோ மணிக்கணக்கில் தேய்க்கும்போது அவர் கண் படாத மடிப்பே அதன் உடம்பில் இருக்காது. நேற்று இல்லாத வீக்கம் இன்று கைக்குத் தட்டுப்படும். காது எப்போதும் போல விசிறுகிறதா, லத்தி உருண்டை கெட்டியா தளர்வா, மூத்திரம் என்ன நிறம், நகத்துக்கு மேலே ஈரம் கசிகிறதா என்பதையெல்லாம் காலையில் பல் தேய்க்கும் முன்பே பார்த்துவிடுவார். நக ஈரத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. யானைக்கு வியர்வைச் சுரப்பிகள் இருப்பது நகங்களை ஒட்டித்தான். மருத்துவர் தம் வழியில் வந்து சேருவதும் அதே இடத்துக்கே: நிற்கும் யானைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 25 முதல் 35, உடல் வெப்பம் ஏறத்தாழ 36 டிகிரி செல்சியஸ். அப்போது விழுந்த லத்திக்குள் வெப்பமானியைச் செருகியும் வெப்பம் பார்ப்பார்கள்.

அப்படியானால் கூடாரத்து யானைகள் நலமாக இருந்தனவா?

ஜம்போவின் எலும்புகள் இதற்குப் பதில் சொல்லும். லண்டன் மிருகக்காட்சி சாலையில் வளர்ந்த அந்த ஆப்பிரிக்க யானையை 1882-ல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் விலைக்கு வாங்கினார். லண்டனில் இருந்தபோதே அது இரவுகளில் வெறிகொண்டு கொட்டடியை முட்டி உடைத்தது. அதைப் பேணிய மாத்யூ ஸ்காட் பீரும் விஸ்கியும் கொடுத்து அமைதிப்படுத்தினார். அன்று அதுவும் வைத்தியம்தான். குளிருக்கும் வயிற்று வலிக்கும் யானைக்குச் சாராயம் ஊற்றுவது பல நாட்டு வழக்கம். 1885 செப்டம்பரில் கனடாவில் ரயில் மோதி ஜம்போ செத்தது. அதன் எலும்புக்கூடு நியூயார்க்கில் பாதுகாக்கப்படுகிறது. நூறாண்டுக்கு மேல் கழித்து ஆய்வாளர்கள் அதைப் பார்த்தபோது, கடைவாய்ப் பற்கள் தாறுமாறாக வளர்ந்திருந்தன. மூட்டுகள் 24 வயதுக்கு உரியவையாக இல்லை, கிழட்டு யானையின் மூட்டுகளைப் போலச் சிதைந்திருந்தன. மென்மையான தீனியையே தின்ற யானைக்குப் பல் தேயவில்லை. முதுகில் ஓயாமல் ஆள் ஏற்றியதில் இடுப்பு தேய்ந்தது. இரவில் அது வெறிகொண்டது பல்வலியால் இருக்கலாம் என்கிறார்கள். ஸ்காட் அந்த யானையை உயிராக நேசித்தவர். நேசித்தவர் கையில் இருந்தது விஸ்கி மட்டுமே என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் கூடாரங்களில் இந்தத் துன்பம் காலில் தெரிந்தது. காட்டில் யானை நாள் முழுக்க நடக்கும். நடையில் உள்ளங்காலும் நகமும் தாமாகத் தேயும். கூடாரத்தில் முன்கால் ஒன்றும் பின்கால் ஒன்றுமாகச் சங்கிலியில் கட்டி, தன் மூத்திரத்தில் ஊறிய தரையிலேயே நிற்க வைத்தால் உள்ளங்கால் தடித்து வெடிக்கும். வெடிப்பில் கல் ஏறும். நகம் பிளந்து சீழ் கோக்கும். சீழ் எலும்பு வரை போய்விட்டால் பிறகு மீட்சி கடினம். வளர்ப்பு யானைகளின் உயிரை வாங்கும் நோய்களில் கால் நோய்க்கே முன்னிடம். இதோடு முக்காலியில் உட்காரும் வித்தை, பின்னங்காலில் நிமிரும் வித்தை. பல டன் எடையை இரண்டு மூட்டில் தாங்கும்படி யானையின் உடம்பு அமையவில்லை.

பாகன் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தார்; சீழை வழித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, கத்தியால் நகத்தைச் சீவி, எப்சம் உப்பில் ஊற வைத்து, ஆன்டிபயாடிக் கொடுத்தார். இருவர் செய்ததும் சரியே. மாலைக் காட்சிக்கு மணி அடித்ததும் அந்தக் கால் மறுபடி முக்காலிக்கே போனது. பழைய யானை நூலான மாதங்கலீலா, புதிதாகப் பிடிபட்ட யானை காட்டை நினைத்தே உருகி நலிவதைச் சொல்கிறது. கட்டிப்போட்டதில் தொடங்கும் நோயை அந்த நூலாசிரியர் அறிந்திருந்தார்.

காசநோய் இன்னும் கொடியது. அது மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். 1996-ல் அமெரிக்காவில் சர்க்கஸ் யானைகள் இரண்டு அதில் இறந்த பிறகே, யானைகளுக்குத் தவறாமல் பரிசோதனை வேண்டும் என்ற விதிமுறை அங்கே வந்தது. தும்பிக்கைக்குள் உப்புநீர் ஊற்றி, தூக்கச் சொல்லி, பிறகு ஒரு பையில் ஊத வைத்து அந்த நீரைச் சோதிக்கிறார்கள். மருந்து மாதக்கணக்கில். கசப்பைத் துப்பிவிடும் என்பதால் ஐசோனியாசிட் போன்றவற்றை ஆசனவாய் வழியாகவே செலுத்துகிறார்கள். மூன்றாவது கவளத்து உபாயம் இத்தனை நாளுக்குத் தாக்குப்பிடிக்காது. இருமலும் மெலிவும் வெளியே தெரிவதற்குள் நோய் முற்றிவிடும் என்பதால், பாகனின் கூர்ந்த கண்ணுக்கும் இது அகப்படாது.

1998-ல் இந்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சியில் பயன்படுத்தத் தடை விதித்தது. யானை அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ரிங்லிங் சர்க்கஸின் யானைகள் 2016 மே மாதம் கடைசியாக ஆடின.

சர்க்கஸிலிருந்து வெளியே வந்த யானைகளின் உடம்பு அந்த ஆண்டுகளையும் சேர்த்தே சுமந்து வந்தது. ஆந்திரத்து சர்க்கஸிலிருந்து 2015-ல் மதுரா அருகே உள்ள மறுவாழ்வு மையத்துக்கு வந்த சூசிக்குக் கண் தெரியாது, பல்லும் இல்லை. பழத்தை மசித்தே ஊட்டினார்கள். தமிழகத்து சர்க்கஸ் ஒன்றிலிருந்து மியா, சீதா, ரியா என்ற மூன்று யானைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அதே வட்டாரத்தில் 2018-ல் யானைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. டிஜிட்டல் எக்ஸ்ரேவும் லேசர் சிகிச்சையும் அங்கே உண்டு. கூடவே தினமும் காலைக் கழுவி ஊற வைக்கும் வேலையும் நடக்கிறது. பாகன் கற்றதும் மருத்துவர் கற்றதும் ஒன்றாகச் சேர வேண்டியது இப்படித்தான்.

இங்கே சர்க்கஸ் யானை போய்விட்டது. கோயில் யானை இருக்கிறது. கருங்கல் தரையில், சங்கிலியில், பெரும்பாலும் தனியாக நிற்கிறது. அடுத்த முறை ஆசீர்வாதம் வாங்கப் போகும்போது அதன் நகங்களைக் குனிந்து பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் கோயில் அலுவலகத்தில் எழுத்தில் சொல்லுங்கள். நிற்க மண் தரையும், தினமும் நடக்க இடமும் கேளுங்கள். பழம் கொடுக்க ஆசைப்பட்டால் பாகனிடம் கேட்டுக் கொடுங்கள். அன்றைக்கு அது மருந்து சாப்பிட்ட யானையாக இருக்கலாம்.