அலாரம் அடிச்சா, செய்ய ஒரு வேலை இருக்கணும்

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

1994 ஜூலை 24. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் டெக்ஸகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அங்கே வெடிவிபத்து நடப்பதற்கு முந்தைய 11 நிமிஷத்தில் ரெண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரம் எத்தனை தெரியுமா? 275. ரெண்டு மூணு செகண்டுக்கு ஒண்ணு! அதுல எது முக்கியம்னு யாரால பிரிச்சுப் பார்க்க முடியும்?

இதுக்கு ஒரு தீர்வுதான் கூட்டு அலாரம். பல சிக்னல்களைச் சேர்த்துப் பார்த்து, ஒரே ஒரு தடவை கூப்பிடுவது.

மூணு சொல் போதும்

உங்க அபார்ட்மென்ட் மோட்டாரை எடுத்துக்கோங்க. 'பைப்பில் தண்ணி ஓட்டம் இல்லை' என்று மட்டும் அலாரம் வெச்சா, மோட்டார் நிற்கும்போதெல்லாம் அடிக்கும். அதனால் 'அண்ட்' போடுறோம்: மோட்டார் ஓடுது, அதோட தண்ணி ஓட்டம் இல்லை. இப்போ அடிச்சா மோட்டார் வெறுமனே ஓடுதுன்னு அர்த்தம். ஆன் பண்ணதும் தண்ணி ஏற கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா? அதுக்காக, இந்த நிலை 30 செகண்ட் நீடிச்சா மட்டும் அடின்னு ஒரு தாமதம்.

'ஆர்' என்பது ஏதாவது ஒண்ணு நடந்தாலும் கூப்பிடு. 'நாட்' என்பது விலக்கு: கட்டடத்துக்கே கரண்ட் போயிருந்தா, 'லிஃப்ட் நின்னுடுச்சு', 'மோட்டார் நின்னுடுச்சு' எல்லாம் தனித்தனியா வேண்டாம். 'கரண்ட் இல்லை' ஒண்ணு போதும்.

சர்வர்களைக் கண்காணிக்கிற அமேசான் கிளவுட்வாட்ச்சின் காம்போசிட் அலாரமும் இந்த மூணு சொல்லைப் பயன்படுத்துது.

மாட்டிக்கிற இடம்

'அண்ட்' சத்தத்தைக் குறைக்கும். ஆனா ஒரு சென்சார் செத்துட்டா, மொத்த அலாரமும் சத்தமில்லாம செத்துடும். போன் அமைதியா இருக்கும், நாமும் எல்லாம் நல்லா இருக்குன்னு நம்பிடுவோம்.

அந்த டெக்ஸகோ ஆலையிலேயே, திறந்திருக்கு என்று திரை காட்டிய ஒரு வால்வு உண்மையில் மூடியிருந்தது. அதனால 'மோட்டார் ஓடுது' என்பதை சுவிட்சை வெச்சு முடிவு பண்ணாதீங்க; மோட்டார் இழுக்கிற கரண்ட்டை அளந்து முடிவு பண்ணுங்க. 'சென்சாரிலிருந்து தகவல் வரலை' என்பதற்கும் தனியா ஒரு அலாரம் வையுங்க.

பேப்பர் டெஸ்ட்

செட்டிங்கில் கை வைக்கும் முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. மோட்டாருக்கு மூணு நிலை: ஓடுது, நிற்குது, தகவல் இல்லை. தண்ணி ஓட்டத்துக்கும் அதே மூணு. மொத்தம் 9 கட்டம். ஒவ்வொண்ணிலும் யாருக்கு போன் போகணும், அவர் என்ன செய்யணும்னு எழுதுங்க. 'மோட்டார் நிற்குது, தண்ணி ஓடுது'ன்னு ஒரு கட்டம் வரும் பாருங்க, அது சென்சாரைச் சரிபார்க்கச் சொல்லுது.

செய்ய வேலை எதுவும் இல்லாத கட்டத்துக்கு அலாரம் வேண்டாம். வேலை இருக்கிற ஒரு கட்டம்கூட ஊமையா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!