பேரிக்காயும் முடியரசும்

எழுத்தறியாதாரும் கண்டு பொருளுணரத்தக்க மொழி சித்திரமாகும். அம்மொழி அரசியலிற் புகுந்து ஆட்சியாளரை அஞ்சுவித்தமைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சு தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டு யூலைப் புரட்சியின் பயனாக லூயி பிலிப் அரியணை ஏறினார். அவ்வாண்டின் அரசியற் சாசனம், தணிக்கை முறை இனி ஒருபோதும் நிறுவப்படமாட்டாது என உறுதி கூறிற்று. அதே ஆண்டு நவம்பரிலே சார்ள்ஸ் பிலிப்போன் என்பார் 'லா கரிக்கத்தூர்' என்னும் வார இதழைப் பாரிசு நகரில் தொடங்கினார். 1832 டிசெம்பரில் 'லெ ஷாரிவாரி' என்னும் நாளிதழும் அவர் முயற்சியால் வெளிவந்தது. சுண்ணக்கல்லின் மீது நெய்ப்பசையுள்ள கோலால் வரைந்து, அதிலிருந்தே படியெடுக்கும் கல்லச்சு முறை இவ்விதழ்களுக்குத் துணையாயிற்று. உலோகத் தகட்டிற் செதுக்கும் முறையினும் அது விரைவானது. ஆதலின் அன்றன்றைய அரசியல் உடனுக்குடன் சித்திரமாயிற்று.

மன்னரை இழிவுபடுத்தினாரெனப் பிலிப்போன் 1831 நவம்பரில் நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். ஆங்கு அவர் நான்கு உருவங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் முகம், நான்காவது பேரிக்காய், இடைப்பட்டவை இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறும் படிகள். ஒப்புமையே குற்றமாயின் பேரிக்காயும் குற்றவாளியே என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கில் அவர் தோற்றார். ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. ஆயினும் பேரிக்காய் நகரச் சுவர்களில் ஏறிற்று. அதனைச் சிறையிடுதல் எவர்க்கும் இயலவில்லை.

இவ்விதழ்களின் தலைசிறந்த ஓவியர் ஓனோரே தோமியே ஆவர். மக்கள் சுமந்துவரும் பொற்காசுகளை விழுங்கும் பூதமாக மன்னரைத் தீட்டியமைக்காக அவர் 1832இற் சிறை புகுந்தார். 1834 ஏப்பிரலிலே திரான்சுநொனேன் வீதி வீடொன்றிற் படையினர் புகுந்து குடியிருந்தோரைக் கொன்றனர். அதனைத் தோமியே வரைந்த சித்திரத்தில் நகைப்பு இல்லை, மிகைப்படுத்தலும் இல்லை. இரவுடையுடன் ஒருவன் இறந்து கிடக்கிறான். அவனுடலின் கீழே ஒரு குழந்தை. கேலி செய்யப் பழகிய கை, கேலியைக் கைவிட்டபோது அதன் குற்றச்சாட்டு மேலும் கடுமையாயிற்று.

1835 யூலையில் மன்னரைக் கொல்ல நிகழ்ந்த முயற்சி அரசுக்கு வாய்ப்பாயிற்று. அவ்வாண்டு செப்தெம்பர்ச் சட்டங்கள், முன்னனுமதியின்றிச் சித்திரம் வெளியிடுதலைத் தடுத்தன. எழுத்து கருத்தை வெளியிடுவது. சித்திரமோ செயலுக்கு ஒப்பானது. ஆதலின் சாசனத்தின் காப்பு அதற்கில்லை என வாதிக்கப்பட்டது. 'லா கரிக்கத்தூர்' மறைந்தது. 'ஷாரிவாரி' வழக்கறிஞர், வஞ்சகர் முதலியோரை நகையாடிச் சமூக அங்கதத்தால் உயிர்வாழ்ந்தது. 1841இல் இலண்டனிற் பிறந்த 'பஞ்ச்' இதழ் தன்னை 'இலண்டன் ஷாரிவாரி' எனவும் அழைத்துக்கொண்டது.

1848இல் எழுந்த புரட்சியினால் லூயி பிலிப் முடிதுறந்தார். அவர் வீழ்ச்சிக்குச் சித்திரமே காரணமெனல் மிகையாகும். எனினும் சொல்லுக்கு ஒரு நீதியும் கோட்டிற்கு வேறொரு நீதியும் வகுத்த அவ்வரசு, கோட்டின் வலிமைக்குத் தானே சான்று பகர்ந்துவிட்டது.