அயல்நாட்டுத் தொண்டும் அநாதை இல்லங்களும்

அங்கோர் கோயில்களின் நாடான கம்போடியாவுக்கு 2005-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 லட்சம் அயல்நாட்டுப் பயணிகள் வந்தனர். 2010-இல் இத்தொகை 25 லட்சமாயிற்று. இதே ஐந்தாண்டுகளில் அந்நாட்டின் குழந்தைகள் காப்பகங்கள் 154-லிருந்து 269 ஆகப் பெருகின. உள்நாட்டுப் போர் ஓய்ந்து, பொருளாதாரம் வளர்ந்துவந்த காலம் அது. அநாதைகள் எங்கிருந்து வந்தனர்?

இவ்வினாவிற்குரிய விடையைக் கம்போடிய அரசும் யுனிசெப்பும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு தந்தது. காப்பகங்களில் இருந்த சுமார் 12,000 குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். அரசு நடத்திய காப்பகங்கள் 21 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் அயல்நாட்டு நன்கொடையை நம்பி இயங்கியவை.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியதே. கிராமத்து ஏழைக் குடும்பத்திற்குப் பிள்ளையின் படிப்பும் உணவும் பெருஞ்சுமை. காப்பகத்தில் இரண்டும் கிடைக்கும், ஆங்கிலமும் கற்பிப்பார்கள். பெற்றோர் குழந்தையை அனுப்புவது அன்பின்மையால் அன்று. மறுபுறம், காப்பகத்தாருக்குக் குழந்தைகள் இருந்தால்தான் நன்கொடை வரும். கோயில்களைக் காண வந்தவர் மாலையில் காப்பகத்தையும் கண்டு செல்கிறார். குழந்தைகள் ஆடிப் பாடி வரவேற்கின்றனர். இரண்டு வாரம் தங்கித் தொண்டாற்ற விரும்புவோரிடம் கட்டணம் பெற்று அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் தோன்றின. குழந்தை வீடு திரும்பினால் வருவாய் குறையும் என்ற நிலையில், அதனை வீட்டிற்கு அனுப்ப முனைவோர் யார்?

தொண்டர்களின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், தம் நாட்டில் காவல்துறைச் சான்றின்றிக் குழந்தைகளுடன் பணியாற்ற இயலாத ஒருவர், பயண விசாவுடன் வேறொரு நாட்டில் இறங்கிய மறுநாளே குழந்தைகளின் உறைவிடத்திற்குள் செல்ல முடிந்தது என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. தாயன்பை இழந்து நிறுவனங்களில் வளரும் குழந்தைகளின் மனநலம் குறித்து ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கை 1951-லேயே வெளிவந்தது. மேலைநாடுகள் பல தம் அநாதை இல்லங்களைப் படிப்படியாக மூடின. அந்நாடுகளின் இளைஞர்களோ பிற நாடுகளின் இல்லங்களைத் தாங்கி நின்றனர்! இரண்டு வாரத்திற்கொரு முறை புதிய அண்ணனையோ அக்காளையோ பெற்று, பின் இழக்கும் குழந்தையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நேபாளத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களின் பெற்றோர், நகரத்தில் கல்வி கிடைக்கும் என்று நம்பி, இடைத்தரகர்களுக்குப் பணமும் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினர். அப்பிள்ளைகளுள் பலர் பயணிகள் மிகுந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் இல்லங்களில் அநாதைகளாகக் காட்டப்பட்டனர்.

அயல்நாட்டுத் தொண்டு யாவும் தீது என்பது இதன் பொருளன்று. 1970-இல் பொதுச்சபை தீர்மானித்து உருவான ஐ.நா. தொண்டர் திட்டம், தகுதியும் அனுபவமும் உடையோரை, ஏற்கும் நாட்டின் தேவையறிந்து அனுப்புகிறது. அங்கே தேவை முன்னிற்கிறது. தொண்டரின் விருப்பம் பின்வருகிறது. விடுமுறைத் தொண்டில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று ஐ.நா.வின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. 2019 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், அநாதை இல்லங்களை மையமாகக் கொண்ட சுற்றுலாவையும் தொண்டையும் நேரடியாகவே குறிப்பிட்டது. காப்பகக் குழந்தைகளில் ஒரு பகுதியினரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் பணியைக் கம்போடிய அரசும் மேற்கொண்டது. ஆனால் வீடு திரும்பும் குழந்தைக்கு உணவும் பள்ளியும் அங்கே இல்லையெனில், அது மீண்டும் காப்பகத்தின் வாயிலுக்கே வரும்.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், காப்பகத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கருதுகிறது; காப்பகங்கள் யாவும் பதிவு பெற வேண்டும் என்றும் விதிக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தகுதியுள்ள குழந்தை குடும்பத்திலேயே வளர மாதந்தோறும் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. காப்பகத்தை ஆய்வு செய்யச் செல்லும் மாவட்ட அலுவலர், சமையலறையையும் படுக்கையறையையும் பார்ப்பதோடு பார்வையாளர் பதிவேட்டையும் புரட்டுதல் நன்று. எத்தனை அயலார் வந்து சென்றனர், எத்தனை பெற்றோர் வந்து சென்றனர் என்பது அதில் இருக்கும்.