அட்வான்ஸ் யாருடைய பணம்?

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் கையில் முதல் நாளே ஒரு பெருந்தொகை வந்து விழும். பத்து மாத அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் நெடுநாள் வழக்கம். இருபதாயிரம் வாடகை என்றால் இரண்டு லட்சம். அது பெரும்பாலும் மகள் கல்யாணத்துக்கோ, பழைய கடனுக்கோ, மாடியில் இன்னொரு அறை எழுப்பவோ போய்விடும். சில வருடம் கழித்துக் குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றதும் கேட்கும் பதில் எல்லோருக்கும் பழக்கமானது: “புதுசா வர்றவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துடறேன் சார்.”

இப்படிச் சொல்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. வந்த பணத்தை வருமானம் என்று எண்ணிவிட்டார், அவ்வளவுதான். அட்வான்ஸ் என்பது குடியிருப்பவர் வட்டியில்லாமல் தந்த கடன். என்றைக்குத் திருப்பிக் கேட்பார் என்பதும் உரிமையாளர் கையில் இல்லை.

சட்டமும் இதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்த 2017-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். ‘வேறுவிதமாக ஒப்பந்தம்’ என்ற சந்து வழியாகத்தான் பத்து மாத வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எத்தனை மாதம் வாங்கினாலும் சரி, அதைத் தனி வைப்பு நிதியில் போட்டு வைப்பதே பாதுகாப்பு. வட்டி உரிமையாளருக்கு, அசல் குடியிருப்பவருக்கு. தொகையை வங்கி வழியாக வாங்குவது நல்லது. கடனாகவோ வைப்புத்தொகையாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வரும் பணத்தில் இந்த மயக்கம் என்றால், போகும் பணத்தில் வேறொரு மயக்கம். வாடகை மாதாமாதம் வருகிறது. செலவு அப்படி வருவதில்லை. சென்னை மாநகராட்சிக்குச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கழிகிறது. காலத்தோடு கட்டுகிறவருக்கு இப்படிக் கிடைக்கும் லாபத்தை வேறு எந்த முதலீட்டிலும் எளிதில் காண முடியாது. ஆனாலும் அந்த மாதம் கையில் காசு இல்லாமல் அதை நழுவவிடுகிறவர்கள் ஏராளம். வரியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022-ல் பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு 150 சதவீதமும் உயர்ந்தது. 2024-ல் மேலும் 6 சதவீதம்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 20,000. சொத்து வரி வருடத்துக்கு 7,000, குடிநீர் வரி 3,000. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்க 36,000 ஆகிறது என்றால் வருடத்துக்கு 12,000. ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிய காப்பீடு 12,500; வருடப் பங்கு 2,500. மோட்டார், குழாய், கதவு என்று 6,000. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 10,000. கூட்டினால் 40,500, மாதம் 3,375. ஆக, இருபதாயிரம் வாடகை என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் வீட்டிலிருந்து உண்மையில் வருவது 16,625. இந்த 3,375-ஐ வாடகை வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறவருக்கு ஏப்ரல் மாதம் பயமுறுத்தாது. மற்றவர்கள் பெயிண்ட் செலவை அட்வான்ஸிலிருந்து எடுப்பார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

காப்பீட்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட நகரத்தில் இது வியப்பான நம்பிக்கை. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியைப் பத்து வருடம் வரை ஒரே தடவையில் எடுக்கலாம். வெள்ளமும் தீயும் அதில் அடங்கும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகைக்கும் ஈடு உண்டு.

இனி வருமான வரி. இங்கே அட்வான்ஸ் கணக்கில் வராது, வாடகைதான் வரும். அந்த வருடம் உரிமையாளர் உண்மையில் கட்டிய சொத்து வரி முதலில் கழியும். மீதியில் 30 சதவீதம் தானாகக் கழியும். பெயிண்ட், பழுது, காப்பீடு எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். பில்லை நீட்டித் தனியாகக் கழிக்க முடியாது. மேலே சொன்ன வீட்டில் 2,40,000 வாடகையில் 7,000 போக 2,33,000. அதில் 30 சதவீதம் 69,900 கழிந்தால் வரிக்கு உட்படுவது 1,63,100. வங்கிக் கடன் இல்லாமல் 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மேல்வரி சேர்த்துச் சுமார் 33,900. அதாவது அந்த 16,625-லும் மாதம் இன்னொரு 2,800-ஐ ஒதுக்க வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. கட்டுமானம் முடியும் முன் கட்டிய வட்டியை ஒரே வருடத்தில் காட்ட முடியாது. வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணைகளாகத்தான் கழிக்கலாம். முன்கூட்டிக் கட்டியதை ஆண்டுகளுக்குப் பங்கிடுவது என்ற இந்தக் கணக்கைப் பெயிண்டுக்கும் காப்பீட்டுக்கும் உரிமையாளர் தாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருட வரி 10,000 ரூபாயை எட்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ம் தேதிகளில் முன்வரியும் கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதைக் கடந்தவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஓய்வூதியத்தோடு மாடி வீட்டு வாடகையும் வாங்கும் பெரியவர்கள் பலர் இது தெரியாமல் நான்கு தேதிகளையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்டினால் போதும். அதுவரை அந்தப் பணமும் வைப்பு நிதியில் வட்டி ஈட்டலாம்.