குதிரைத்திறன் கூடினால் லோரி ஏறிவிடுமா?

போன தவணையில் ஒரு நாள், பள்ளி மணி அடித்த பிறகு படிவம் நான்கு மாணவன் ஒருவன் கசங்கிய தாளோடு என் மேசைக்கு வந்தான்.

"சார், மாமாவோட லோரிக்கு வேற எஞ்சின் போடணும். கடையில ரெண்டு இருக்கு, விலை ஏறக்குறைய ஒண்ணுதான். எதை எடுக்கலாம்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அவன் மாமாவை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் பெக்கான் நானாஸ். ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. தோட்டங்களிலிருந்து பழம் ஏற்றுவதுதான் அவர் பிழைப்பு. லோரி பழையது, எஞ்சின் இனி தேறாது என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். கையில் இருக்கும் சேமிப்பு ஒரு முறை எஞ்சின் வாங்கத்தான் போதும். தவறான எஞ்சினை வாங்கினால் மறுபடி வாங்கப் பணம் கிடையாது.

தாளில் இப்படி எழுதியிருந்தது:

முதல் எஞ்சின்: டர்போ இல்லாத பெரிய டீசல் எஞ்சின். அதிகபட்சத் திறன் 114 குதிரைத்திறன், அதாவது 85 கிலோவாட், நிமிடத்துக்கு 2800 சுற்றில். அதிகபட்ச முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர், 1500 சுற்றில்.

இரண்டாவது எஞ்சின்: பிக்-அப் வண்டியிலிருந்து கழற்றிய சிறிய டர்போ டீசல் எஞ்சின். அதிகபட்சத் திறன் 134 குதிரைத்திறன், அதாவது 100 கிலோவாட், 3600 சுற்றில். அதிகபட்ச முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றில்.

"134 தானே பெரிசு? அதையே எடுக்கச் சொல்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அறிவியல் ஆசிரியர் சொல்லக்கூடிய பதிலா அது? மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு, "நேற்று அவசரப்பட்டுவிட்டேன். வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முறுக்குவிசை என்றால் என்ன?

லோரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குட்டையான ஸ்பேனரால் அசையாத நட்டு, ஸ்பேனரின் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீட்டியதும் இளகிவிடும். கையின் விசை அதேதான். நட்டிலிருந்து கைக்கு உள்ள தூரம்தான் கூடியிருக்கிறது.

300 நியூட்டன் விசையை 0.4 மீட்டர் தூரத்தில் கொடுத்தால், 300 × 0.4 = 120 நியூட்டன் மீட்டர். குழாய் செருகி 0.8 மீட்டர் ஆக்கினால் 240 நியூட்டன் மீட்டர். விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் இந்தத் திருகும் வலிமைதான் முறுக்குவிசை. மலாய்ப் பாடத்தில் 'மோமென் டாயா' என்று படித்தீர்களே, அதன் உறவுதான் இது. பட்டறையில் 'டோர்க்' என்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நட்டு இறுகிக் கிடந்து கொஞ்சமும் அசையாவிட்டாலும் முறுக்குவிசை உண்டு. ஆனால் வேலை எதுவும் நடக்கவில்லை. வேலை நடக்க வேண்டுமானால் நட்டு சுற்ற வேண்டும். எவ்வளவு வேகமாக வேலை நடக்கிறது என்பதைச் சொல்வதே திறன். சுழலும் எதற்கும் திறனைக் கணக்கிட ஒரே சூத்திரம்தான்:

திறன் (கிலோவாட்டில்) = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டரில்) × நிமிடச் சுற்றுகள் ÷ 9550

9550 என்பது மாய எண் அல்ல. ஒரு சுற்றுக்கு 2π ரேடியன், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி, ஒரு கிலோவாட்டுக்கு 1000 வாட். 60,000-ஐ 2π ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9550 வரும்.

வாட் கணக்கிட்ட குதிரை

குதிரைத்திறன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதற்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் பிரிட்டனில் நீராவி எஞ்சின்களை விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் ஆலைகளைக் குதிரைகளால் ஓட்டியவர்கள். "இந்த எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

செக்கு மாடு போல, மையத்திலிருந்து 12 அடி தூரத்தில் வட்டமடித்து ஆலையைச் சுற்றும் குதிரையை வாட் கணக்கில் எடுத்தார். அது 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் 144 முறை, அதாவது நிமிடத்துக்கு 2.4 முறை சுற்றுகிறது. இதிலிருந்து வந்ததே ஒரு குதிரைத்திறன். இன்றைய அளவில் அது 746 வாட்.

இப்போது அந்தக் குதிரையின் முறுக்குவிசையைப் பாருங்கள். 180 பவுண்டு விசை என்பது சுமார் 800 நியூட்டன். 12 அடி என்பது 3.66 மீட்டர். பெருக்கினால் 2900 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது!

மாமாவின் இரண்டு எஞ்சின்களின் முறுக்குவிசையையும் கூட்டினால்கூட 650-தான். அப்படியானால் லோரிக்கு எஞ்சினுக்குப் பதில் ஒரு குதிரையைப் பூட்டிவிடலாமா? முடியாது. ஏனென்றால் குதிரை நிமிடத்துக்கு 2.4 முறைதான் சுற்றுகிறது. முறுக்குவிசை மலை போல இருந்தாலும் திறன் ஒரே ஒரு குதிரைத்திறன்தான்.

'லோரிக்கு டோர்க், காருக்குக் குதிரைத்திறன்' என்று காப்பிக்கடையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மைதான் என்று இந்தக் குதிரை காட்டிவிட்டது. முறுக்குவிசை எண்ணாக இருந்தாலும், குதிரைத்திறன் எண்ணாக இருந்தாலும், 'எத்தனை சுற்றில்?' என்று கேட்காமல் நம்பக்கூடாது.

கியர் எதைப் பெருக்கும், எதைப் பெருக்காது?

கியர் உள்ள சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது தெரியும். இலகுவான கியருக்கு மாற்றினால் மிதிப்பது எளிதாகும். ஆனால் நிறைய மிதித்தாலும் கொஞ்ச தூரமே நகர்வீர்கள். லோரியும் அப்படித்தான். கியர்பாக்ஸும் பின் அச்சிலுள்ள பற்சக்கரங்களும் சேர்ந்து சுழற்சியை 25-இல் ஒரு பங்காகக் குறைத்தால், முறுக்குவிசை 25 மடங்காகப் பெருகும். உராய்வில் கொஞ்சம் இழப்பு உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கியர் முறுக்குவிசையைப் பெருக்கும். திறனை ஒருபோதும் பெருக்காது. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும், பெருக்குத்தொகை மாறாது.

மாமாவின் லோரி

எங்கள் பக்கம் பல அன்னாசித் தோட்டங்கள் சதுப்புக் கரிமண்ணில் இருக்கின்றன. மலாயில் 'தானா காம்புட்' என்பார்கள். மெத்தை போல அமுங்கும் மண். சுமையோடு புறப்படும் லோரிக்குச் சக்கரம் புதைவது ஒரு தொல்லை; மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மேடு இன்னொரு தொல்லை.

லோரியும் பழமும் சேர்ந்து 5000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 49,000 நியூட்டன். மண் பிடித்து இழுப்பது எடையில் பத்தில் ஒரு பங்கு, மேட்டின் சரிவுக்கு இன்னொரு பத்தில் ஒரு பங்கு என்று எடுத்தால், லோரியை நகர்த்தத் தேவையான விசை சுமார் 9800 நியூட்டன்.

புறப்படும்போது எஞ்சின் 3600 சுற்றில் ஓடாது. கிளட்ச்சை விடும் நேரத்தில் 1000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே நாங்கள் தேடியது 1000 சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசையை. வரைபடத்தில் முதல் எஞ்சினுக்கு 310 நியூட்டன் மீட்டர் இருந்தது. இரண்டாவதற்கு 140 மட்டுமே.

ஏன் இத்தனை வித்தியாசம்? டர்போ என்பது புகைக்காற்றின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகைக்காற்று குறைவு, டர்போ விழித்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் அது வெறும் சிறிய எஞ்சின்தான்.

இனி சக்கரத்துக்குப் போவோம். முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 25. சக்கரத்தின் ஆரம் 0.4 மீட்டர்.

முதல் எஞ்சின்: 310 × 25 ÷ 0.4 = 19,375 நியூட்டன்.

இரண்டாவது எஞ்சின்: 140 × 25 ÷ 0.4 = 8750 நியூட்டன்.

தேவை 9800. முதல் எஞ்சின் தாராளமாக ஏறும். 134 குதிரைத்திறன் உள்ள இரண்டாவது எஞ்சின் திணறி நின்றுவிடும். ஓட்டுநர் எண்ணெயை அழுத்தி 2000 சுற்றுக்கு ஏற்றி, கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி எப்படியாவது ஏற்றிவிடுவார். ஆனால் கிளட்ச் உராய்ந்து சூடாகித் தேயும். தினமும் பல நடை போகும் லோரியில் அந்தக் கிளட்ச் எத்தனை நாள் தாங்கும்?

சரி, ஸ்கூடாய் - பொந்தியான் சாலையில் ஓடும்போதாவது அந்தக் கூடுதல் 20 குதிரைத்திறன் கிடைக்குமா? பழைய கியர்பாக்ஸும் பழைய அச்சும் அப்படியே இருந்தால், மேல் கியரில் வேகமாகப் போகும்போது எஞ்சின் சுமார் 2600 சுற்றில் இருக்கும். அந்தச் சுற்றில் முதல் எஞ்சினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். திறன் சுமார் 82 கிலோவாட். இரண்டாவதன் முறுக்குவிசை 295. திறன் சுமார் 80 கிலோவாட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 100 கிலோவாட் 3600 சுற்றில் காத்துக்கிடக்கிறது. மேல் கியரில் லோரி அங்கே போவதே இல்லை.

மாணவனின் கேள்வி

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அப்படின்னா ரெண்டாவது எஞ்சின் மோசமா சார்? கியர்பாக்ஸையும் சேர்த்து மாத்தினா?"

நல்ல கேள்வி. பெருக்கத்தை 25-லிருந்து 50 ஆக்கி, எஞ்சினை 2000 சுற்றில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது 300 × 50 ÷ 0.4 = 37,500 நியூட்டன். சக்கரம் நிமிடத்துக்கு 40 முறை சுற்றும். முதல் எஞ்சின் 1000 சுற்றில் ஓடும்போதும் சக்கரம் 40 முறைதான். அதாவது இரண்டு லோரியும் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும்; ஆனால் இரண்டாவது லோரி ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு இழுக்கும்!

ஆகவே குதிரைத்திறன் பொய் சொல்லவில்லை. பொருத்தமான கியர்கள் இருந்தால், அதிகத் திறன் உள்ள எஞ்சின் உண்மையிலேயே அதிக வேலை செய்யும். மாமாவால் கியர்பாக்ஸையும் அச்சையும் சேர்த்து வாங்க முடியாது என்பதுதான் இங்கே முடிவைத் தீர்மானித்தது. லோரியில் எஞ்சின் தனியாக வேலை செய்வதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரம் எல்லாம் சேர்ந்த குடும்பம் அது. எதிர்ப்பக்கமும் எச்சரிக்கை உண்டு: பழைய கியர்பாக்ஸ் தாங்கும் அளவுக்கு மேல் முறுக்குவிசை கொடுத்தால் பற்கள் உடையும்.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. பெட்ரோல் லோரிகளில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தும் வழக்கம் ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932-இல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட எஞ்சின்களுக்குப் பெயர் பெற்றது. சென்னையில் சிம்சன் நிறுவனம் 1950-களில் பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரித்தது. 1937-இல் வந்த பெர்கின்ஸ் 'பி6' எஞ்சின் 2400 சுற்றில் 83 குதிரைத்திறன், அதாவது 62 கிலோவாட் தந்தது. சூத்திரத்தில் போட்டால் அந்தச் சுற்றில் முறுக்குவிசை சுமார் 246 நியூட்டன் மீட்டர். அதே 62 கிலோவாட்டை 4800 சுற்றில் தரும் எஞ்சினுக்கு அந்தச் சுற்றில் 123 போதும். குதிரைத்திறன் ஒன்றுதான், லோரியில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

மாமா முதல் எஞ்சினையே எடுத்தார். நம் நாட்டில் எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வாங்கி, வாகனத்தைப் பரிசோதனைக்குக் காட்டி, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அதையும் முடித்துவிட்டுத்தான் லோரியைச் சாலையில் இறக்கினார். மருமகனிடம் அவர் சொன்னது: "உங்க சார் முதல்ல சொன்னதைக் கேட்டிருந்தா நான் தொலைஞ்சேன்." நியாயமான பேச்சுதான்.

செய்து பாருங்கள்

வீட்டில் கார் அல்லது மோட்டார் சைக்கிள் இருந்தால் அதன் கையேட்டைப் புரட்டுங்கள். அதிகபட்சத் திறனும் அதிகபட்ச முறுக்குவிசையும் எந்தெந்தச் சுற்றில் என்று குறித்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தைப் பயன்படுத்தி, அதிகபட்ச முறுக்குவிசை கிடைக்கும் சுற்றில் திறன் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். கையேட்டில் பெரிதாக அச்சிட்ட எண்ணைவிட அது குறைவாகவே வரும். ஏன் என்று உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.